த்ரூஃபோவின் ‘திருட்டு முத்தங்கள்’: அந்த்வான் ஏன் ஒரு வேலையிலும் நிலைப்பதில்லை?

ரீல்பெட்டி:

ஃபிரான்சுவா த்ரூஃபோவின் ‘பேஸே வோலே’ (திருட்டு முத்தங்கள், 1968) பற்றி இங்கே தனி இழை இல்லை. நானே தொடங்குகிறேன். கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த்வான் துவானெல் (ழான்-பியர் லெயோ) ராணுவச் சிறையில் உட்கார்ந்து பால்சாக்கின் ‘பள்ளத்தாக்கு லில்லி’ நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறான். நீ இதற்கு லாயக்கில்லை என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள். பிறகு காதலி கிறிஸ்தீன் (க்ளோத் ஜாட்) வீட்டுக்குப் போகிறான். அவள் ஊரில் இல்லை. அவளுடைய பெற்றோர்தான் வரவேற்றுச் சாப்பிட வைக்கிறார்கள். ஓட்டல் ஒன்றில் இரவு நேர வரவேற்பாளர் வேலை அவளுடைய அப்பா மூலம் கிடைக்கிறது. அது போனதும் துப்பறியும் ஏஜென்சி. ஏஜென்சி அவனை உளவு பார்க்க ஒரு ஷூ கடைக்குள் அனுப்புகிறது. கடைசியில் டிவி ரிப்பேர்.

எல்லோரும் இதை ‘திசை தெரியாத இளைஞனின் கதை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இந்த வேலைகளைக் கவனியுங்கள். இரவு ஓட்டலில் இருப்பவன் கையில் எல்லா அறைகளின் சாவியும் இருக்கும். துப்பறிகிறவன் அடுத்தவர் மனைவி எங்கே போகிறாள் என்று பின்னாலேயே போவான். ஷூ கடையில் ஒரு குடும்பத்தின் உள் விவகாரத்தை மோப்பம் பிடிக்க வேண்டும். டிவி ரிப்பேர்காரனைக் கூடம் வரை விடுவார்கள். நான்குமே அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிற வேலைகள். காதல் என்றால் என்ன, கல்யாணம் என்றால் என்ன என்று சொல்லித்தர அவனுக்கு வீட்டில் ஆள் இல்லை (அந்த்வானின் சிறுவயதைச் சொல்லும் ‘400 ப்ளோஸ்’ பார்த்தவர்களுக்கு அந்த அம்மா அப்பாவைத் தெரியும்). அதனால் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் வாழ்க்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். வேலையில் நிலைக்காததும் காதலில் நிலைக்காததும் இரண்டு பிரச்சினை இல்லை, ஒன்றுதான் என்பது என் கட்சி. அடித்துப் பேசலாம், வாங்க.

மழைக்குருவி:

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் அந்த்வானுக்கு இவ்வளவு வக்காலத்து வேண்டாம். ஒயின் எடுக்கப் பாதாள அறைக்குப் போகும்போது அவன் கிறிஸ்தீனைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுக்கிறானே, அதை 1968இல் குறும்பு என்று சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராணுவத்திலிருந்து கடிதமாக எழுதித் தள்ளியவன், நேரில் வந்ததும் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்புறம் ஷூ கடை முதலாளியின் மனைவியைப் பார்த்ததும் அங்கே மயங்குகிறான். கிறிஸ்தீன் பக்கத்திலிருந்து இந்தக் கதையை யாராவது சொல்லுங்களேன்.

ரீல்பெட்டி:

சொல்லலாம். கிறிஸ்தீன்தான் இந்தப் படத்தில் புத்திசாலி. அவள் வயலின் படிக்கிற, வசதியான வீட்டுப் பெண். அவன் பின்னால் சுற்றும்போது பிடி கொடுக்காமல் இருக்கிறாள், அவன் விலகும்போதுதான் அவளுக்கு அவன் மேல் ஆசை வருகிறது. பெற்றோர் வெளியூர் போன நாளில் டிவியை வேண்டுமென்றே கெடுத்து, ரிப்பேருக்கு அவனையே வரவழைக்கிறாளே, படத்தில் யாராவது ஒரு முடிவெடுத்துச் செயல்படுகிறார்கள் என்றால் அது அந்த ஒரு இடத்தில்தான். காமிரா தரையில் பிரித்துப் போட்ட டிவி பாகங்களைத் தாண்டி மாடிப்படி ஏறி, அறை அறையாகத் தேடிக்கொண்டு போய் இருவரையும் படுக்கையில் கண்டுபிடிக்கும். படம் முழுக்க அடுத்தவர் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டவன், இங்கே உள்ளே இருக்கிறான்.

பாதாள அறை முத்தம் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

கிழக்குவாசல்:

படம் எடுக்கப்பட்ட காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1968 பிப்ரவரி தொடக்கத்தில் படப்பிடிப்பு ஆரம்பிக்கிறது. அதே பிப்ரவரி 9ஆம் தேதி பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாதெக் ஃபிரான்ஸேஸின் தலைவர் ஆன்றி லாங்லுவாவைப் பதவியிலிருந்து தூக்குகிறார்கள். பின்னால் இருந்தது பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ. த்ரூஃபோவுக்கு லாங்லுவா வளர்ப்புத் தகப்பன் மாதிரி, அந்த ஆள் காட்டிய படங்களைப் பார்த்துத்தான் அந்தத் தலைமுறையே இயக்குநர் ஆனது. எனவே த்ரூஃபோ ஒரு பக்கம் போராட்டம், கூட்டம், கையெழுத்து என்று அலைகிறார், மறுபக்கம் இந்தப் படத்தை எடுக்கிறார். ஏப்ரலில் லாங்லுவா திரும்பப் பதவிக்கு வந்துவிட்டார்.

படத்தின் முதல் காட்சியே சினிமாதெக்கின் பூட்டிய கதவுதான். லாங்லுவாவின் சினிமாதெக்குக்கு இந்தப் படம் சமர்ப்பணம் என்று எழுத்து வரும், பின்னணியில் சார்ல் த்ரெனேயின் பழைய பாட்டு. படத்தின் பெயரே அந்தப் பாட்டின் வரியிலிருந்து எடுத்ததுதான். அங்கிருந்து காமிரா திரும்பிச் சிறைக்குள் இருக்கிற அந்த்வானிடம் போகிறது. கதவு பற்றி நீங்கள் சொன்னதற்கு இது இன்னொரு சாட்சி. ஆனால் என் கேள்வி வேறு. அடுத்த மாதமே, மே மாதத்தில், மாணவர் கிளர்ச்சியில் பாரிஸ் தெருக்களில் கல் பறக்கிறது. கான் திரைப்பட விழாவை நிறுத்தச் சொன்னவர்களில் த்ரூஃபோவும் ஒருவர். செப்டம்பரில் இந்தப் படம் வெளியாகும்போது ரசிகர்கள் பார்த்தது என்ன? கழுத்தில் டை கட்டி, தலை வாரி, முதலாளியின் மனைவியிடம் தடுமாறுகிற ஒரு பையனை. அவன் வயசுப் பையன்கள் எல்லாம் தடுப்பரண் போட்டுக்கொண்டிருந்த வருடம் அது. எனக்கு இது கொஞ்சம் தப்பித்தலாகத்தான் படுகிறது.

இரவுப்பணி:

தோழர், அந்தப் பையன்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த்வான் பள்ளிக்கூடமே முடிக்காதவன். சிறுவர் சீர்திருத்தப் பள்ளி, அப்புறம் இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை (1962இல் வந்த ‘அந்த்வானும் கொலெத்தும்’ குறும்படத்தில் பார்க்கலாம்), அப்புறம் ராணுவம். சோர்போன் பல்கலைக்கழகத்துக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? அவனுக்கு அந்த மாதம் வாடகை கட்ட வேண்டும்.

நான் சில வருடங்கள் லாட்ஜில் இரவு டெஸ்க்கில் இருந்தவன், அதனால் அந்த ஓட்டல் காட்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த்வான் மேஜையில் தூங்கி வழிந்துகொண்டு, புத்தகம் படித்துக்கொண்டு இருக்கிறான். கிழவர் ஒருவர், கூட இன்னொருவர். பசப்பிப் பேசி அறைக் கதவைத் திறக்க வைக்கிறார்கள். உள்ளே அந்த இன்னொருவரின் மனைவி வேறு ஆளோடு. ரகளை. அந்த்வானுக்கு வேலை போச்சு. இரவு வேலையில் நம் கையில் எந்த அதிகாரமும் இருக்காது, ஆனால் எது நடந்தாலும் காலையில் முதலாளி வந்து முதலில் பிடிப்பது நம்மைத்தான். அதை த்ரூஃபோ சரியாகப் பிடித்திருக்கிறார். இதில் வேடிக்கை, அந்தக் கிழவர் மொஸ்யே ஆன்றிதான் ‘என்னால்தான் உனக்கு வேலை போனது’ என்று இரக்கப்பட்டு, தன் துப்பறியும் ஏஜென்சியிலேயே சேர்த்துவிடுகிறார்.

இன்னொன்று. அவன் வேலையை இழந்ததும் அடுத்தது கிடைத்துவிடுகிறதே, அது இன்றைக்கு எந்த நாட்டிலும் நடக்காது. போருக்குப் பிந்தைய முப்பது வருடம் பிரான்சில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. வேலை தேடுகிறவர்களுக்கென்று அரசாங்கம் தனி அமைப்பு தொடங்கியதே 1967இல்தான். இந்தப் படத்தில் வேலையில்லாமல் இருப்பது ஒரு நகைச்சுவை. எழுபதுகளின் நடுவில் எடுத்திருந்தால் அதே கதை அழுகைப் படம்.

மழைக்குருவி:

இரவுப்பணி, அந்தக் கடைசிப் பத்தி முக்கியம். அலைகிறவனை ரசிக்கிறோம் என்றால், அவன் விழுந்தால் தாங்க ஆள் இருக்கிறது என்பதால்தான். கிறிஸ்தீனின் அப்பா, மொஸ்யே ஆன்றி என்று யாராவது ஒருவர் எப்போதும் கைகொடுக்கிறார்கள். பெற்றவர்கள் கைவிட்டார்கள், ஊரார் தூக்கிவிட்டார்கள்.

ரீல்பெட்டி:

ஆமாம், அந்த்வான் பெண்ணைக் காதலிக்கிறானா அல்லது பெண்ணின் குடும்பத்தையா என்கிற சந்தேகம் ‘அந்த்வானும் கொலெத்தும்’ படத்திலேயே வரும். அதில் கொலெத்தின் பெற்றோர் அவனை உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார்கள், அவள் வேறு ஒருவனோடு வெளியே போய்விடுவாள். ‘திருட்டு முத்தங்கள்’ படத்தில் கொலெத்தே கணவனோடும் குழந்தையோடும் தெருவில் எதிர்ப்படுகிறாள், ஒரு நிமிடம்தான்.

இது த்ரூஃபோவின் சொந்தக் கதை. அவரும் காதல் தோல்வியில் ராணுவத்தில் சேர்ந்து, ஓடிப்போய், பிடிபட்டு, சிறையிருந்து வெளியே வந்தவர். அவரை மீட்டு வீட்டில் வைத்துக்கொண்டது விமர்சகர் ஆந்த்ரே பஸான். ஆக, ஊரார் தூக்கிவிட்ட பிள்ளைதான் அவரும். இதைவிட விசித்திரமான ஒரு விஷயம் உண்டு. இந்தப் படத்துக்காகத் துப்பறியும் ஏஜென்சி ஒன்றோடு பழகிய அதே 1968இல், தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்று கண்டுபிடிக்க அவரே ஏஜென்சியை அமர்த்தினார். தகப்பன் பெல்ஃபோரில் பல் மருத்துவராக இருந்த ஒரு யூதர் என்று தெரியவந்தது. அந்தத் தேடல் நடந்த வருடத்திலேயே இப்படி ஒரு லேசான படத்தையும் எடுத்திருக்கிறார். கிழக்குவாசல் இதைத் தப்பித்தல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

கிழக்குவாசல்:

சண்டை வேண்டாம். அரசியல் இல்லை என்றுதான் சொன்னேன், வலி இல்லை என்று சொல்லவில்லை. மொஸ்யே ஆன்றி போன் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து செத்துப்போவதும், அடக்கம் முடிந்த கையோடு அந்த்வான் ஒரு விலைமகளிடம் போவதும் அடுத்தடுத்து வரும். எந்த விளக்கமும் இல்லாமல் படம் நகர்ந்துவிடும். அது எனக்குப் பிடித்த இடம்.

லாஷாப்பெல்:

வணக்கம். நான் பாரிஸில் இருக்கிறேன், இந்த இழையை இப்போதுதான் கண்டேன். ஒருவரும் குழாய்த் தபாலைப் பற்றிக் கதைக்கவில்லையே!

அந்த்வான் அந்த ஷூ கடை முதலாளியின் மனைவி மதாம் தபாருக்கு எழுதும் கடிதம் சாதாரணத் தபாலில் போகாது. ‘நியூமாத்திக்’ என்று ஒரு முறை இருந்தது. நகரத்துக்குக் கீழே சாக்கடைச் சுரங்கங்களின் வழியாகக் குழாய்கள். கடிதத்தை ஒரு சிறு உருளைக்குள் வைத்தால் காற்றழுத்தம் தள்ளிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த தபால் நிலையத்திலிருந்து ஒரு ஆள் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பார். இரண்டு மணித்தியாலத்துக்குள் கடிதம் கையில். 1866இல் தொடங்கி, உச்சத்தில் 400 கிலோமீட்டருக்கு மேல் குழாய் ஓடியது. 1984இல் மூடிவிட்டார்கள். த்ரூஃபோ காலமானதும் அதே வருடம்தான்.

படத்தில் கடிதத்தைப் பெட்டியில் போட்டதும் காமிரா நிலத்துக்கடியில் இறங்கிக் குழாயோடு ஓடும், தெருப் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகக் கடக்கும். பொடியன் கடிதத்தில் ‘எல்லாம் முடிந்துவிட்டது, இனி உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன்’ என்கிற தோரணையில் எழுதியிருக்கிறான். ஆனால் அதை அனுப்பத் தேர்ந்தெடுத்தது நகரத்திலேயே வேகமான வழியை. மறுநாள் விடியவே பதில் வந்து கதவைத் தட்டுகிறது, அதுவும் நேரில். விலக நினைப்பவன் அப்படி அனுப்புவானா?

மழைக்குருவி:

லாஷாப்பெல் அண்ணா (அண்ணாவா அக்காவா தெரியவில்லை, மன்னிக்கவும்), இதை நான் யோசித்ததே இல்லை. அருமை.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்தது மதாம் தபார்தான். டெல்ஃபின் செய்ரிக் என்றாலே அதற்குள் ‘மரியன்பாத்’ பட மோகினியாக மனசில் பதிந்துபோனவர். அந்த்வானும் அவளை அப்படித்தான் பார்க்கிறான், மனுஷியாகவே நினைப்பதில்லை. காபி குடிக்கும்போது அவள் ‘இசை பிடிக்குமா?’ என்று கேட்க, பதற்றத்தில் ‘ஆமாம் சார்’ என்று உளறிவிட்டு எழுந்து ஓடுகிறானே, அந்த மாதிரி ஒரு ஓட்டத்தை நான் வேறு எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அந்த உளறலுக்கு அவள் அனுப்பும் பதில் அதைவிட அழகு. ஒரு பெண் உள்ளே இருக்கும் குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்தவன் ‘மன்னிக்கவும் அம்மா’ என்றால் அது மரியாதை, ‘மன்னிக்கவும் ஐயா’ என்றால் அது நாசூக்கு என்று ஒரு கதை சொல்லி, அவன் மானத்தைக் காப்பாற்றிவிடுகிறாள்.

அப்புறம் அவன் அறைக்கு வந்து பேசுகிறாள். நான் ஒன்றும் தேவதை இல்லை, சாதாரணப் பெண். ஒவ்வொருவரும் தனிப்பிறவிதான், நீயும்கூட. பால்சாக் நாவலை நீ அழகான காதல் கதை என்கிறாய், ஆனால் அந்தப் பெண் அவனோடு காதலைப் பகிர முடியாமல் செத்துப்போகிறாள், அது பரிதாபமான கதை. இப்படியெல்லாம் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை வைக்கிறாள். இன்றைக்கு ஒருநாள் சேர்ந்திருப்போம், பிறகு நாம் சந்திக்கவே கூடாது. படித்த புத்தகத்தை வைத்துக் காதலித்துக்கொண்டிருந்தவனுக்கு அன்றோடு அந்தப் புத்தகம் மூடப்படுகிறது.

ரீல்பெட்டி சொன்ன கதவு விஷயத்தை நான் இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை தட்டுகிறவள் அவள், கதவு அவனுடையது.

ரீல்பெட்டி:

அவளுடைய கணவர் தபாரையும் விடக்கூடாது. மிஷேல் லோன்ஸ்தால் செய்த பாத்திரம். ஏஜென்சிக்கு வந்து, எனக்குக் குறை ஒன்றும் இல்லை, தொழில் நன்றாகப் போகிறது, ஆனால் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்கிறார். சொந்தமாகக் கடை வைத்திருக்கிற, கல்யாணமான, ‘செட்டில்’ ஆன ஆள். அந்த்வானிடம் இல்லாத எல்லாம் அவரிடம் உண்டு. அவரை ஒருவருக்கும் பிடிக்காது, அந்த்வானை எல்லோருக்கும் பிடிக்கும். அந்தக் கடையில் ஷூ பெட்டி கட்டுகிற போட்டி வைத்து, கேவலமாகக் கட்டுகிற அந்த்வானை ஜெயிக்க வைப்பார்கள் பாருங்கள், வேலைக்கு ஆள் எடுப்பது என்கிற சடங்கையே அதில் கிண்டல் செய்துவிடுகிறார்.

வித்தைக்காரனைத் தேடி வந்த வாடிக்கையாளர் காட்சியும் அதே கணக்கு. தான் நேசித்த ஆண் கல்யாணம் ஆகிப் போய்விட்டான் என்று தெரிந்ததும் ஏஜென்சி அறையிலேயே வெறி பிடித்தவர் மாதிரி கத்துகிறார். காசு கொடுத்து உண்மையைத் தெரிந்துகொள்கிற யாரும் இந்தப் படத்தில் நிம்மதியாகத் திரும்பிப் போவதில்லை.

சில்லறைக்காசு:

நடுவில் வருகிறேன். படம் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கடைசிக் காட்சி எதற்கு? அதுவரை கிறிஸ்தீன் பின்னாலேயே மழைக்கோட்டு போட்ட ஒருவன் திரிகிறான். அந்த்வானும் அவளும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வந்து காதலைச் சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

இரவுப்பணி:

அவன் சொல்வதைத் திரும்பக் கேளுங்கள். கொஞ்ச நாளாக உங்களைப் பின்தொடர்கிறேன், நாம் ஒரு நிமிடம்கூடப் பிரியாமல் இருப்போம், எனக்கு வேலையும் கிடையாது, வேறு கடமையும் கிடையாது, நீங்கள் மட்டும்தான் என் சிந்தனை. தற்காலிக மனிதர்களோடு உள்ள தற்காலிக உறவுகளை முறித்துக்கொண்டு வாருங்கள், நான் நிரந்தரமானவன். இதுதான் சாராம்சம். அவன் போனதும் கிறிஸ்தீன் ‘இவன் பைத்தியம்’ என்கிறாள். அந்த்வான் ‘ஆமாம், நிச்சயமாக’ என்கிறான். ஆனால் அதைச் சொல்லும்போது லெயோவின் முகம் கொஞ்சம் செத்துப்போகும்.

ஏனென்றால், அந்த ஆள் பழைய அந்த்வான். கொலெத்துக்காக அவள் வீட்டுக்கு எதிரிலேயே குடிவந்தவன் யார்? வேலை இல்லாமல், சில்லறைத் தொல்லைகள் இல்லாமல், காதல் மட்டுமே முழுநேரமாக வைத்திருந்தால் அந்த்வான் இப்படித்தான் ஆகியிருப்பான். அவனைக் காப்பாற்றியது இந்த உருப்படாத வேலைகள்தான் என்று நான் சொல்வேன். காலையில் எழுந்து டிவி வண்டியை ஓட்ட வேண்டும், அதைக் கொண்டுபோய்க் கிறிஸ்தீன் அப்பாவின் காரிலேயே இடிக்க வேண்டும். இதெல்லாம் இருப்பதால்தான் அவனால் ஒரு பெண்ணோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிட முடிகிறது.

மழைக்குருவி:

ஆ, அந்தக் காலை உணவு! மொறுமொறு ரொட்டி உடையாமல் வெண்ணெய் தடவ, அடியில் இன்னொன்றை வைத்துக்கொள் என்று அவள் சொல்லிக்கொடுப்பாள். அப்புறம் இருவரும் துண்டுச்சீட்டில் மாறி மாறி எழுதிக்கொள்வார்கள், என்ன எழுதினார்கள் என்று நமக்குக் காட்டவே மாட்டார்கள். பாட்டில் திறக்கிற சாவியின் வளையத்தை அவள் விரலில் மாட்டுவான், அதுதான் நிச்சயதார்த்தம். கடிதமாக எழுதித் தள்ளியவன் கடைசியில் துண்டுச்சீட்டுக்கு வந்துவிட்டான்.

இரவுப்பணி, நீங்கள் சொன்னதில் ஒரு சிக்கல். வேலை அவனைக் காப்பாற்றியது என்றால், 1970இல் வந்த ‘டொமிஸில் கோன்ஜுகால்’ படத்தில் என்ன ஆனது? கல்யாணம் ஆகிறது, பூக்களுக்குச் சாயம் ஏற்றுகிறான், அப்புறம் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் பொம்மைக் கப்பல் ஓட்டுகிறான், குழந்தை பிறக்கிறது. அந்தக் கம்பெனி வேலையில்தான் வேறொரு பெண்ணைச் சந்தித்து வீட்டைக் கெடுத்துக்கொள்கிறான். அதே வேலைதான் கவிழ்த்தும் விட்டது.

இரவுப்பணி:

கவிழ்த்தது வேலை இல்லை, அவன்! ஆனால் சரி, நியாயமான கேள்வி. அந்த மழைக்கோட்டுக்காரன் சொன்ன ‘நிரந்தரம்’ கல்யாணத்தில் கிடைக்கும் என்று அந்த்வான் நம்பியிருக்கலாம். கிடைக்கவில்லை.

கிழக்குவாசல்:

1979இல் வந்த கடைசி அந்த்வான் படமான ‘லமூர் ஆன் ஃபுயித்’தில் இருவரும் விவாகரத்தே வாங்கிவிடுகிறார்கள், அப்போது அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறான். த்ரூஃபோ இந்த ஆளை இருபது வருடம் பின்தொடர்ந்திருக்கிறார், ஒரு இடத்திலும் செட்டில் ஆக விடவில்லை.

சில்லறைக்காசு:

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? எல்லாமே பார்க்க வேண்டுமா?

ரீல்பெட்டி:

1959இன் ‘400 ப்ளோஸ்’ கட்டாயம். பிறகு ‘அந்த்வானும் கொலெத்தும்’, அரை மணி நேரம்தான், விட்டுவிடாதீர்கள். அது தெரிந்தால் ‘திருட்டு முத்தங்கள்’ படத்தில் அந்த மழைக்கோட்டு ஆளைப் பார்க்கும்போது அடிவயிற்றில் ஏதோ செய்யும். 1970 படம் சிரிக்க நன்றாக இருக்கும். 1979 படத்தில் நிறையக் காட்சிகள் பழைய படங்களிலிருந்து வெட்டி ஒட்டியவை, எனக்கு ஒட்டவில்லை.

மழைக்குருவி:

எனக்கு ஒட்டியது. அதில் கொலெத் வக்கீலாகத் திரும்பி வருகிறாள், அந்த்வான் தன் காதல்களைப் பற்றி எழுதிய நாவலை ரயிலில் வைத்துப் படிக்கிறாள். நடித்த மரி-ஃபிரான்ஸ் பிஸியே அந்தப் படத்தின் திரைக்கதையிலும் பங்கெடுத்தவர். இவ்வளவு வருடம் அவன் சொன்னதையே கேட்டோம், அங்கேதான் ஒரு பெண் ‘நீ எழுதியிருப்பது உண்மை இல்லையே, நீதானே எங்கள் வீட்டுக்கு எதிரே குடிவந்தாய்’ என்று அவனை மடக்குகிறாள். சில்லறைக்காசு, ரீல்பெட்டி பேச்சைக் கேட்காதீர்கள், அதையும் பாருங்கள்.